விண்வெளி வீரருக்குச் சப்பாத்து: மாதிரி செய்ய எங்கே தொடங்குவது?

கவின்_பட்டர்வொர்த் எழுதியது:

வணக்கம். கல்லூரி வடிவமைப்புப் பாடத்துக்காக எங்கள் குழு விண்வெளி வீரர் அணியும் சப்பாத்து ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அட்டையில் வெட்டி ஒட்டிய காட்சிப் பொருளை ஏற்கமாட்டார்கள். எந்தத் தேவைக்கு எந்தப் பாகம், அதை எப்படிச் சோதித்தோம் என்று எண்களோடு காட்ட வேண்டும். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்), ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம், பட்டறையில் ஒரு ஜூக்கி தையல் இயந்திரம் இருக்கின்றன.

இப்போதைக்கு எங்கள் யோசனை: பெரிய சைஸ் மழை பூட்ஸ் ஒன்றை வாங்கி மேலே வெள்ளித்தாள் சுற்றுவது. சோலை (சப்பாத்தின் அடிப்பாகத்தை) நம் மலேசியக் கித்தாவிலேயே, அதாவது இயற்கை ரப்பரிலேயே, வார்ப்பது. பிடிமானத்துக்குக் கம்போங் அடிடாஸ் (தோட்டத்தில் போடும் ரப்பர் சப்பாத்து) மாதிரி குமிழ்கள் வைப்பது. விண்வெளி உடைக்குள் காற்றழுத்தம் இருக்குமாமே, அதைக் காட்ட ஒருவர் காலை உள்ளே விட்டு, தொடையில் இறுக்கிக் கட்டி, சைக்கிள் பம்பால் காற்றடிப்பது. கடைசியாகப் பத்து பெரிங்கி கடற்கரை மணலில் நடந்து தேய்மானம் பார்ப்பது.

இதில் எது சரி, எது தவறு? தயங்காமல் சொல்லுங்கள்.

—

காற்றழுத்தி (பாயான் லெப்பாஸ்) எழுதியது:

மற்றதெல்லாம் பிறகு. காலை உள்ளே விட்டுக் காற்றடிக்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

நாசாவின் விண்நடை உடை 4.3 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், அதாவது 29.6 கிலோபாஸ்கலில் வேலை செய்கிறது. இரத்த அழுத்தக் கணக்கில் இது 222 மில்லிமீட்டர் பாதரசம். கிளினிக்கில் கைப்பட்டையை 222 வரை ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் நண்பரின் காலுக்கும் ஆகும்: இரத்த ஓட்டம் நின்றுவிடும். விண்வெளியில் இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே தலை முதல் கால் வரை, மூச்சிழுக்கும் காற்று உட்பட, எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்கிறது. இங்கே கால் மட்டும் அழுத்தத்துக்குள், மீதி உடம்பு வெளியே. தொடையில் இறுக்கிக் கட்டுவது இன்னும் மோசம்.

அழுத்தச் சோதனைக்கு ஆளே வேண்டாம். முதல் சுற்றுக்குக் காற்றும் வேண்டாம், தண்ணீர் போதும். 29.6 கிலோபாஸ்கல் என்பது 3.02 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். பூட்ஸின் வாயை ஒரு வட்டத் தகட்டால் மூடி, தகட்டில் இரண்டு முனைகள் வையுங்கள். ஒன்று தண்ணீர் ஏற, ஒன்று உள்ளே சிக்கிய காற்று வெளியேற. தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, ஃபிளாட் மாடிப்படியில் ஒரு தளம் ஏற்றிக் கட்டுங்கள். குழாயின் நீர்மட்டம் பூட்ஸிலிருந்து 3.02 மீட்டரில் நின்றால் உடையின் அழுத்தம் கிடைத்துவிட்டது. 4.5 மீட்டருக்கு ஏற்றினால் ஒன்றரை மடங்கு. தண்ணீரில் தையல் விட்டால் தரை நனையும், அவ்வளவுதான். அடைத்த காற்றில் விட்டால் தகடு பறக்கும்.

தகடு ஏன் பறக்கும்? வாயின் விட்டம் 12 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 29.6 கிலோபாஸ்கல் தரும் விசை சுமார் 335 நியூட்டன், ஏறத்தாழ 34 கிலோ எடை. டேப் சுற்றினால் நிற்காது. தகட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் கடைந்து, அதன்மேல் துணியை இழுத்து, துருப்பிடிக்காத ஹோஸ் கிளிப் இரண்டை அடுத்தடுத்துப் போட்டு இறுக்குங்கள். கிளிப்பின் திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் திருகுக்குக் கீழே துணி மடிந்து அங்கேதான் முதலில் ஒழுகும்.

தண்ணீர்ச் சோதனையில் தேறிய பிறகு, காயவைத்து, காற்றால் கசிவு பார்க்கலாம். அப்போதும் கடிகார மீட்டரை நம்பவேண்டாம்; மலிவான பம்ப் மீட்டர்களில் 30 கிலோபாஸ்கல் முள்ளின் முதல் அசைவிலேயே போய்விடும். ஒரு குளிர்பானப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடி வழியாக அடிவரை ஒரு குழாய் விட்டு, அதை மேலே 3.2 மீட்டர் நிமிர்த்திக் கட்டுங்கள். புட்டியின் காற்றுப் பக்கத்தைப் பூட்ஸோடு இணைத்தால் அதுவே மீட்டர். மேல் வாயில் தண்ணீர் வழிந்தால் பம்பை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். 3.02 மீட்டரில் பம்பை மூடிவிட்டு அரை மணி நேரம் நீர்மட்டத்தைக் குறியுங்கள். அறையில் ஏர்கோன் ஓடி நின்றுகொண்டிருந்தால் கணக்கு கெடும். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 0.44 கிலோபாஸ்கல் மாறும். அது குழாயில் 4.5 சென்டிமீட்டர். கசிவு என்று நினைத்து நல்ல தையலைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

—

தையல்மேசை (கோலாலம்பூர்) எழுதியது:

சப்பாத்து வடிவமைப்பாளர் ஜிம்மி சூ பிறந்த ஊர்ப் பக்கத்திலிருந்து சப்பாத்து வடிவமைப்புக் கேள்வி வந்திருக்கிறது, மகிழ்ச்சி. நிலாவுக்கான ஆக்சியம் நிறுவன உடையில் பிராடா ஃபேஷன் நிறுவனம் சேர்ந்திருக்கிறது. ஆகவே இது ஃபேஷன்காரர்களுக்கு அந்நியமான துறை இல்லை.

ஆனால் தம்பி, 'விண்வெளிச் சப்பாத்து' என்று ஒரே பொருள் எதுவும் கிடையாது. கால் எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

விண்வெளி நிலையத்துக்குள் (2007 அக்டோபரில் நம் ஷேக் முஸாபர் போனாரே, அதே நிலையம்) பெரும்பாலும் காலுறைதான். அங்கே உள்ளங்காலுக்கு வேலையில்லை. கைப்பிடிக் கம்பிகளுக்கு அடியில் பாதத்தின் மேற்புறத்தைக் கோத்துக்கொண்டுதான் ஓரிடத்தில் நிற்கிறார்கள். அதனால் உள்ளங்கால் காய்ப்பு உரிந்து போக, காய்ப்பு பாதத்தின் மேல்பக்கம் வருகிறது. ஓட்டப் பொறியில் ஓடும்போது மட்டும் சாதாரண ஓட்டச் சப்பாத்து. கலத்துக்குள் புறப்பாட்டின்போதும் திரும்பும்போதும் அணிவது வேறு ரகம். போயிங் ஸ்டார்லைனரின் நீல உடைக்கு ரீபாக் செய்த எடை குறைந்த பூட்ஸ் அந்த வகை. நிலையத்துக்கு வெளியே விண்நடை பூட்ஸ் நடக்கவே செய்யப்பட்டதல்ல. கால்பிடிச் சட்டத்தில் குதிகாலைப் பூட்டிக்கொண்டு நிற்கச் செய்தது. நிலா பூட்ஸ் ஒன்றுதான் உண்மையில் நடக்கிற சப்பாத்து.

என்னைக் கேட்டால் நிலையத்துக்குள் அணியும் பாத உறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தில் விரல் எலும்புகளின் மேல் 4 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், அதன்மேல் சிலிக்கோன் புள்ளிகள், அடியில் வெறும் துணி. அழுத்தமும் இல்லை, குளிரும் இல்லை. செலவு குறைவு, சோதனை எளிது: 30 மில்லிமீட்டர் குழாய் ஒன்றில் பாதத்தைக் கோத்து, எத்தனை கிலோ இழுப்பில் வழுக்குகிறது என்று மீன்தராசு வைத்து அளக்கலாம். தீப்பிடிக்கும் தன்மை மட்டும் கவனம். விண்நடைக்கு முன் காற்றில் ஆக்சிஜன் பங்கைக் கூட்டுவார்கள், அதில் சாதாரண ஸ்பாஞ்ச் நன்றாக எரியும்.

நிலா பூட்ஸ்தான் வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னால் மழை பூட்ஸை மறந்துவிடுங்கள். அது பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிப் போகும், குளிரில் பலகையாகும். உள்ளிருந்து வெளியே மூன்று தனித்தனிப் பொருள்கள் செய்யுங்கள்: காற்றுப்பை, அதை இழுத்துப் பிடிக்கும் துணி பூட்ஸ், அதற்கு மேல் மாட்டும் மேலுறை.

காற்றுப்பைக்கு டி.பி.யூ. (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) பூசிய நைலான் துணி. பூச்சுப் பக்கமும் பூச்சுப் பக்கமும் சேர வைத்து, பேக்கிங் காகிதம் விரித்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். 160 டிகிரியில் துண்டுத் துணியில் தொடங்கி, பிரித்து இழுத்தால் ஒட்டு விடாமல் பூச்சு உரியும் வரை வெப்பத்தை ஏற்றிப் பாருங்கள். மூன்று ஒட்டு சந்திக்கும் மூலைகளில்தான் ஊசித்துளை அளவு ஓட்டை விழும். அங்கே வட்டமாக ஒரு ஒட்டுத்துண்டு. இந்தப் பையில் ஒரு தையல்கூட விழக்கூடாது. பை வெளித்துணியைவிடச் சில சதவீதம் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால் விசை முழுவதும் பையின் ஒட்டில் விழும். பெரிதாக இருந்தால் பை துணியில் போய்ச் சாய்ந்துகொள்ளும், துணி தாங்கும்.

துணி பூட்ஸுக்குப் பாலியஸ்டர். நைலான் வேண்டாம், சுமையில் நீளும். கணுக்கால் ஆரம் 6 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவுத் திசையில் விசை மில்லிமீட்டருக்கு 1.8 நியூட்டன், நீளத் திசையில் அதில் பாதி. 25 மில்லிமீட்டர் அகலத் தையல் துண்டுக்குச் சுமார் 4.5 கிலோ. இரட்டிப்பாக 9 கிலோ தொங்கவிட்டுப் பாருங்கள். மடித்துத் தைக்கும் இரட்டைத் தையல், 3 மில்லிமீட்டர் தையல் நீளம், பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் கூடவே கூடாது.

கணுக்கால் மடிப்புதான் கைத்திறமை கேட்கும் இடம். காற்றேறிய குழாயை மடக்கும்போது உள் கொள்ளளவு குறைந்தால், குறைந்த ஒவ்வொரு 100 கன சென்டிமீட்டருக்கும் 3 ஜூல் வேலை காலிலிருந்து போகும், ஒவ்வொரு அடிக்கும். ஆகவே முன்னாலும் பின்னாலும் கூடுதல் துணி விட்டு மூன்று மூன்று மடிப்புகள் வையுங்கள். இரண்டு பக்கமும், கணுக்கால் முட்டு இருக்கும் நேர்கோட்டில், 25 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நாடாவை மேலிருந்து அடிவரை தையுங்கள். மேலே சொன்ன 335 நியூட்டனை அந்த இரண்டு நாடாக்களும் பாதிப் பாதி தாங்கும். நாடா முட்டுக்கு முன்னாலோ பின்னாலோ விலகினால் காற்றழுத்தமே பாதத்தை ஒரு பக்கமாக வளைத்துப் பிடிக்கும். தைக்கும் முன் குண்டூசியில் பிடித்துக் காற்றேற்றிப் பார்க்க முடியாது. ஆகவே முதல் மாதிரியை மலிவான துணியில் செய்து குறைந்த அழுத்தத்தில் பாருங்கள். துணி ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் கிடைக்கும். பூச்சு நைலானுக்கு முகாம், படகுச் சாமான் விற்கும் இணையக் கடைகள்.

வெப்பக் காப்புக்கு அவசரகால வெள்ளிப் போர்வையை வெட்டி, இடையிடையே வலைத்துணி வைத்துப் பத்துப் பதினைந்து அடுக்கு அடுக்கலாம். அப்பல்லோ மேலுறையில் கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலமும் கண்ணாடியிழைத் துணியும் மாறி மாறி 25 அடுக்கு இருந்தன. வெளியே குரோமெல்-ஆர் என்ற உலோக இழைத் துணி, அடியில் வரிவரியான சிலிக்கோன் சோல்.

—

காற்றழுத்தி எழுதியது:

வெள்ளிப் போர்வை விஷயத்தில் அக்காவோடு ஒத்துப்போக முடியவில்லை. அடுக்குப் படலம் கதிர்வீச்சு வெப்பத்தைத்தான் தடுக்கும். அடுக்குகளுக்கு இடையே வெற்றிடம் இருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. பட்டறையில் இடையிலெல்லாம் காற்று. அங்கே வெப்பமானி வைத்து எடுக்கும் எண் நிலாவைப் பற்றி எதுவும் சொல்லாது. நடுவர் இயற்பியல் தெரிந்தவராக இருந்தால் முதல் கேள்வியே அதுதான். வைக்கலாம், ஆனால் சோதித்ததாக எழுதவேண்டாம்.

இன்னொன்று: பாதத்துக்கு அடியில் அது இருந்தும் பயனில்லை. உடல் எடை அழுத்தினால் படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெப்பம் நேராகக் கடக்கும். அப்பல்லோ சோலில் இதற்காகவே நோமெக்ஸ் (வெப்பம் தாங்கும் இழை) ஃபெல்ட் இரண்டு அடுக்கு வைத்தார்கள். நீங்களும் சோலுக்கு மேல் 5 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட் வையுங்கள். அதை உண்மையாகவே சோதிக்கலாம்: அடியில் உலர்பனித் தட்டு, மேலே 10 கிலோ எடை, இரண்டுக்கும் நடுவே கே-வகை வெப்ப உணரி. ஃபெல்டோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை.

—

அச்சுவார்ப்பு (சுங்கை பூலோ) எழுதியது:

கித்தாவைப் பற்றிக் கேட்டீர்கள். நாட்டுப்பற்று சரி, வேதியியல் ஒத்துவராது. இயற்கை ரப்பர் −70 டிகிரி வாக்கில் கண்ணாடியாகிவிடும். அதற்கு முன்பே, −25 டிகிரி பக்கத்தில் நெடுநேரம் வைத்தால் மெல்லப் படிகமாகி விறைக்கும். நிலாவில் நிலநடுக்கோட்டில் நண்பகல் 120 டிகிரி, இரவில் −170 டிகிரிக்கும் கீழே. தென்துருவத்தில் சூரியனே எட்டாத பள்ளங்களில் −230 டிகிரிக்குக் கீழேயும் போகிறது. போதாக்குறைக்குப் புற ஊதாக் கதிர் கித்தாவின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கும். சிலிக்கோன் −120 டிகிரி வரை கண்ணாடியாவதில்லை. ஆனாலும் சாதாரணச் சிலிக்கோன் −50 டிகிரி சுற்றுவட்டாரத்தில் படிகமாகி விறைப்பேறும் என்பதை எழுதிவையுங்கள். ஃபினைல் கலந்த ரகம் அதைவிடத் தாங்கும், விலையும் அதற்கேற்ப.

கித்தாவை விட்டுவிட வேண்டாம். ஒப்பீட்டுக்கு வையுங்கள். கித்தா, சிலிக்கோன், அச்சிட்ட டி.பி.யூ., ஓட்டச் சப்பாத்தில் வரும் இ.வி.ஏ. ஸ்பாஞ்ச், நான்கிலும் 150 க்கு 25, கனம் 4 மில்லிமீட்டர் பட்டைகள். உலர்பனியும் ஆல்கஹாலும் கலந்த தொட்டி −78 டிகிரி தரும். அரை மணி ஊறவைத்து, 25 மில்லிமீட்டர் கம்பியில் 90 டிகிரி வளைத்துப் பாருங்கள். கித்தா ஒடியும், சிலிக்கோன் முரண்டு பிடித்தாலும் வளையும். நம் ஊர் ஈரத்தில் வெளியே எடுத்த நொடியிலேயே பட்டை மேல் உறைபனி படியும், அது விறைப்பைக் கூட்டிக் காட்டும். அதனால் பட்டையைச் சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் பையில் அடைத்து, பையோடு குளிர்விக்கவும். காற்றோட்டமான இடம், தடித்த கையுறை, பக்கத்தில் நெருப்பு கூடாது. உலர்பனியை மூடிய புட்டியில் வைத்தால் வெடிக்கும்.

இ.வி.ஏ. ஸ்பாஞ்சைக் காற்றகற்றும் பானையில் வைத்து வெற்றிடம் இழுங்கள். மூடிய குமிழிகள் உப்பி, பிறகு காற்று கசிந்து சுருங்கும். 20 மில்லிமீட்டர் கட்டியின் கனத்தை முன்பும் பின்பும் அளந்து போட்டால், பூமியின் ஓட்டச் சப்பாத்தை ஏன் அப்படியே நிலாவுக்கு எடுத்துப்போக முடியாது என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

சோல் வார்ப்பு. பிளாட்டினம் வகைச் சிலிக்கோன், கடினத்தன்மை ஷோர் ஏ 40. நீளம் 30, அகலம் 11 சென்டிமீட்டர், சராசரிக் கனம் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு காலுக்கு 380 கிராம் வாக்கில் வரும். சிந்துவதையும் சேர்த்து 450 கலக்குங்கள். வெற்றிடத்தில் கலவை மூன்று நான்கு மடங்கு பொங்கும், பாத்திரத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றவேண்டாம். பி.எல்.ஏ. என்ற சாதாரண அச்சுப் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட வார்ப்பச்சு போதும், பக்கங்களுக்கு 3 டிகிரி சாய்வு கொடுங்கள், அச்சு வரிகள் தெரியாமலிருக்க அக்ரிலிக் ஸ்பிரே. ரெசின் அச்சு என்றால் முழுதாக ஒளியில் பதப்படுத்தாத வரை அதன்மேல் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுக்கும்.

அதைவிட முக்கியம்: ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கலக்காதீர்கள். உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பும் நாட்டில் எல்லாப் பட்டறையிலும் அந்தப் பெட்டிதான் இருக்கும். கித்தாவில் உள்ள கந்தகம், சிலிக்கோனை இறுகவைக்கும் பிளாட்டினத்தை முடக்கிவிடும். கையுறை பட்ட இடமெல்லாம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். வினைல் கையுறை வாங்குங்கள். கந்தகம் கலந்த களிமண்ணும் அப்படியே. கித்தாப் பட்டைகளைச் செய்யும் மேசை வேறு, சிலிக்கோன் மேசை வேறு. பாலியூரித்தேன் ஊற்றலாமா என்று யாராவது சொல்வார்கள். நம் காற்றின் ஈரம் அதில் புகுந்து கரியமில வாயு உண்டாகி, உள்ளெல்லாம் குமிழியாகும். அச்சிடும் டி.பி.யூ. இழையையும் 50 டிகிரியில் ஆறு மணி நேரமாவது உலர்த்தாமல் போட்டால் முனையில் படபடவென்று பொரியும்.

குமிழ் வடிவம் வேண்டாம். கம்போங் அடிடாஸின் குமிழ்கள் தோட்டத்துச் சேற்றில் ஆழமாகக் குத்திப் பிடிக்க. நிலாவில் ஆழமாகக் குத்த எடை இல்லை. ஆளும் உடையும் சேர்த்து 165 கிலோ நிறை என்று வைத்தாலும் அங்கே எடை 270 நியூட்டன்தான். 250 சதுர சென்டிமீட்டர் சோலில் அது 11 கிலோபாஸ்கல். ஆனால் நிறை குறையவில்லை, ஆகவே நிற்பதற்கும் திரும்புவதற்கும் அதே தள்ளுவிசை வேண்டும். குறுக்கு வரிகள் இதற்கு ஏற்றவை: அகலம் 8, உயரம் 6, இடைவெளி 10 மில்லிமீட்டர். வரியின் அடிமூலையை 2 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டுங்கள். கூர்மூலையாக விட்டால் குளிரில் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். குமிழ்களுக்கு இடையில் மாட்டும் தூசியும் மேலுறையைக் கழற்றும்போது உள்ளே வந்துவிடும்.

சப்பாத்துக் கடைப் பசை எதுவும் சிலிக்கோனில் ஒட்டாது. மேலுறைத் துணியின் விளிம்பில் 15 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 4 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, அந்த விளிம்பை வார்ப்பச்சுக்குள் தொங்கவிட்டு ஊற்றுங்கள். சிலிக்கோன் துளை வழியே புகுந்து ஆணி போலப் பூட்டிக்கொள்ளும். வார்த்த பிறகு, துணி தாங்குமானால், அடுப்பில் பதப்படுத்துவது நல்லது; ஆவியாகும் மிச்சங்கள் குறையும். விண்வெளிப் பொருளுக்கு ஏ.எஸ்.டி.எம். இ-595 சோதனை: வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம். மொத்த நிறை இழப்பு 1 சதவீதத்தையும், குளிர்த்தகட்டில் படியும் ஆவி 0.1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. வெற்றிட அடுப்பும் நுண்தராசும் உள்ள ஆய்வகம் கிடைத்தால் முதல் எண்ணை மட்டும் எடுக்கலாம். இரண்டாவதற்குத் தனிக்கருவி வேண்டும்.

—

கவின்_பட்டர்வொர்த் எழுதியது:

மிக்க நன்றி அக்கா, அண்ணன்மாரே. காலை உள்ளே விடும் யோசனை நீக்கப்பட்டது. விரிவுரையாளர் நிலா பூட்ஸ்தான் என்று சொல்லிவிட்டார், ஆகவே மூன்று பாகமாகச் செய்கிறோம். இரண்டு சந்தேகம். ஆள் அணியாமல் அழுத்தம் பார்த்தால், நடக்கும்போது கால் உள்ளே எப்படி இருக்கும் என்பதை எப்படிக் காட்டுவது? மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அது சரியா?

—

குதிகால் (செராஸ்) எழுதியது:

இந்தத் திரியில் இன்னும் யாரும் தொடாத விஷயம் அதுதான். அழுத்த பூட்ஸ் தோற்பது பெரும்பாலும் வெடித்து அல்ல, குதிகால் தூக்கிக்கொள்வதால். காற்றேறினால் பூட்ஸ் பாதத்தை விட்டு விலகி உப்பும்; கால் முன்னே போக, பூட்ஸ் அதே இடத்தில் நிற்கும். குதிகால் உள்ளே எழும்பி இறங்கும். கொப்புளம், தடுமாற்றம், இரண்டும் அங்கிருந்துதான்.

சோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 250 சதுர சென்டிமீட்டர் மேல் 29.6 கிலோபாஸ்கல், அதாவது 740 நியூட்டன், 75 கிலோ ஆள் உள்ளிருந்து கீழே அழுத்துவது போல. தட்டையாக வெட்டிய அடித்துணி இட்லி மாதிரி உப்பிவிடும். அதில் நின்றால் ஆடும். உள்ளே விறைப்பான தகடு வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கழிக்கும் செம்பில்லாத சர்க்யூட் பலகை, 1.6 மில்லிமீட்டர் கண்ணாடியிழை, இரண்டை ஒட்டினால் போதும். விரல் மடியும் கோட்டில் தகட்டை வெட்டி 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் நாடாவால் இணையுங்கள். வெட்டாமல் விட்டால் குதிகால் தூக்கல் கூடும், ஏனென்றால் விரல் மடியாத சோல் குதிகாலை நெம்பிவிடும்.

பிறகு பாதத்தைத் தகட்டோடு கட்ட வேண்டும். புறங்காலின் மேல் குறுக்காக ஒரு பட்டை, அது காற்றுப்பைக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியிலிருந்து இறுக்கும் பட்டை காற்றோடுதான் போராடும், பாதத்தை எட்டாது. பட்டை புறங்கால் எலும்பின் உச்சியில் உட்கார்ந்தால் வலிக்கும். அதற்கு 2 சென்டிமீட்டர் பின்னால், கணுக்கால் வளைவை நோக்கி வையுங்கள்.

கால் அச்சுக்கட்டைக்கு (சப்பாத்தை உருவாக்க உதவும் பாத வடிவக் கட்டை) அளவெடுப்பது: நீளம், விரல்முட்டுச் சுற்றளவு, புறங்கால் சுற்றளவு, குதிகாலிலிருந்து புறங்கால் வளைவு வரை சாய்ந்த சுற்றளவு. உள்ளே அணியும் தடித்த காலுறையோடு எடுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. எடையற்ற நிலையில் உடல்நீர் மேலே ஏறிக் கால் மெலியும். நிலாவை எட்டும்போது வீரரின் கால் பூமியில் அளந்த கால் அல்ல. தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திப் படுக்க வைப்பதுதான் ஆய்வாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் முறை. நீங்களும் ஒரு மணி நேரம் அப்படிப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை மறுபடி அளந்து, அந்த வித்தியாசத்தைப் பட்டையின் இறுக்க வரம்புக்குள் சேருங்கள். அச்சுக்கட்டையைப் பி.எல்.ஏ.-இல் அச்சிட்டால் வெயிலில் நிற்கும் காடிக்குள் விட்டுவிடாதீர்கள், 60 டிகிரியில் குழையும்.

ஆள் அணிந்து காட்ட வேண்டியதற்கு வழி உண்டு. அழுத்தமில்லாமல், காற்றுப்பைக்கும் பாதத்துக்கும் நடுவே ஸ்பாஞ்ச் துண்டுகளை அடைத்து, உப்பிய பூட்ஸ் விடும் இடைவெளியை மட்டும் உண்டாக்குங்கள். காலுறையின் குதிகாலில் ஒரு சிறு காந்தம், பூட்ஸின் பின்புறம் காந்தப்புலத்தை அளக்கும் ஒரு ஹால் உணரி, அதன் எண்ணைப் பதிய ஒரு ஈ.எஸ்.பி.-32 சிறு கணினிப் பலகை. எல்லாம் கே.எல். ஜாலான் பாசாரில் கிடைக்கும். முதலில் 0, 5, 10, 15, 20 மில்லிமீட்டர் கட்டைகளைக் குதிகாலுக்கு அடியில் வைத்து உணரியின் எண்ணைப் பதியுங்கள், ஏனென்றால் அது தூரத்துக்கு நேர்விகிதமாக மாறாது. பட்டை இல்லாமல், பட்டையோடு, தகடு வெட்டியது, வெட்டாதது என்று நான்கு நிலையிலும் குதிகால் தூக்கலை வரைபடமாக்கினால் உங்கள் அறிக்கையில் அதுவே வலுவான பக்கமாக இருக்கும்.

ஆறில் ஒரு பங்கு எடைக்கு நாசாவின் லாங்லி ஆய்வு மையம் 1960களில் செய்த வழி எளிமையானது: ஆளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, 9.5 டிகிரி சாய்ந்த சுவரில் நடக்க வைத்தார்கள். 9.5 டிகிரியின் சைன் 0.165, அதாவது ஆறில் ஒன்று. மாணவர் பட்டறையில் ஆளைத் தொங்கவிட வேண்டாம். கட்டுக்கம்பி, கொக்கி எல்லாம் தகுதியுள்ளவர் பார்க்க வேண்டிய வேலை. சுழலும் கணுக்கால் உள்ள பொம்மைக் காலை அதே சாய்வில் தள்ளிப் பாருங்கள்.

—

கருங்கல் (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

பத்து பெரிங்கி மணல் தவறு. அலை உருட்டி உருட்டி மழுக்கிய மணல் அது. நிலாவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை. துகள்கள் உடைந்த கண்ணாடி போலக் கூர்மையாகவே கிடக்கின்றன. சராசரி அளவும் 70 மைக்ரான் வாக்கில்தான். கடற்கரை மணலில் தேயாத துணி அதில் தேயும்.

பினாங்குத் தீவின் கருங்கல்லைப் பொடித்தால் போதுமே என்று தோன்றும். வேண்டாம். அதில் குவார்ட்ஸ் அதிகம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நிலாவின் கறுப்புச் சமவெளிகள் பசால்ட். நம் நாட்டில் குவாந்தான் பக்கம் பசால்ட் உண்டு. குவாரிகளில் உடைத்த பிறகு மிஞ்சும் தூளைக் கேளுங்கள். 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, நுண்தூளை நீக்காமல் அப்படியே வையுங்கள், ஏனென்றால் தையல்களுக்குள் புகுவது அந்த நுண்தூள்தான். என்-95 முகக்கவசம் கட்டாயம், சலிக்கும் வேலை வெளியே. அப்பல்லோ 17-இல் விண்வெளி வீரர் ஷ்மிட்டுக்குக் கலத்துக்குள் வந்த நிலாத் தூசியால் மூக்கடைப்பும் ஒவ்வாமையும் வந்தன. சோதனைத் தூசிக்கும் அதே மரியாதை கொடுங்கள்.

தேய்மானத்துக்கு ஒரு பிஸ்கட் டின் போதும். உள்சுவரில் மேலுறைத் துணியின் மாதிரியை ஒட்டி, 200 கிராம் தூளோடு உருட்டுங்கள். 0.01 கிராம் தராசில் முன்பும் பின்பும் எடை. துணியை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை எண்ணிக்கை. எடை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: இழைகளுக்குள் புகுந்த தூசி எடையைக் கூட்டும், தேய்ந்த துணி கனமாகத் தெரியும். எடை எடுப்பதற்கு முன் அழுத்தக் காற்றால் இருபுறமும் ஊதுங்கள்.

நிலைமின்சாரத்தால் தூசி ஒட்டுவதைக் காட்ட வேண்டுமானால் தூளை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, சிலிக்கா ஜெல் நிரப்பிய மூடிய பெட்டிக்குள் செய்யுங்கள். நம் ஊர் 80 சதவீத ஈரப்பதத்தில் மின்னேற்றம் நிற்காது, தூள் கட்டிபிடிக்கும், 'ஒட்டவே இல்லை' என்ற பொய்யான நல்ல முடிவு கிடைக்கும். பெட்டிக்குள் ஒரு ஈரமானி வைத்து அந்த எண்ணையும் அட்டவணையில் போடுங்கள்.

ஜிப் வைக்கவே வேண்டாம். பசால்ட் தூளில் இருபது தடவை திறந்து மூடினால் நீங்களே பார்ப்பீர்கள்.

—

தையல்மேசை எழுதியது:

ஜிப்புக்குப் பதில் அகலமான மடிப்பு வாய் ஒன்றும் பின்புறக் கொக்கி ஒன்றும் போதும், தம்பி. மடிப்பு கீழ்நோக்கித் திறக்கட்டும், மேல்நோக்கித் திறந்தால் அது தூசிப் பை. கொக்கியின் நாக்கை 40 மில்லிமீட்டர் நீளம் வையுங்கள். அழுத்தக் கையுறை போட்ட விரல் இரண்டும் அதைப் பிடிக்க வேண்டும். வெல்டிங் கையுறையைப் போட்டுக்கொண்டு நீங்களே மாட்டிக் கழற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு தைத்தால் போதும்.